வேணாம் என்ற முதல் வார்த்தை

கல்வராயன் மலைக்கு நான் போனதற்குக் காரணம் சேவை மனப்பான்மை என்று பின்னாளில் பலரும் நினைத்துக்கொண்டார்கள். கல்லூரி நேர்முகத்தில் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒருவர் எனக்கு அறிவுரையும் சொன்னார். உண்மையில் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் கொஞ்ச நாள் படாமல் இருக்கத்தான் போனேன்.

மருத்துவப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாவது தடவையாக எழுதி, அந்தத் தடவையும் இடம் கிடைக்காமல் போயிருந்தது. எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கம். அப்பா கரும்பு போடுகிறவர். சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு டிராக்டரோடு அப்பா வரிசையில் காத்துக்கிடப்பார். அங்கே நிற்கிற எல்லோருக்கும் எல்லோர் வீட்டுக் கதையும் தெரியும். "பொண்ணு டாக்டருக்குப் படிக்குதுன்னாங்களே, இன்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். "இந்த வருசம் எழுதுது" என்பார் அப்பா. அந்தப் பதிலை அவர் எத்தனை பேருக்குச் சொன்னாரோ, வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவார். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடப் படித்தவர்கள் எல்லோரும் எங்கெங்கோ சேர்ந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு படம் அனுப்புவாள், இன்னொருத்தி ஹாஸ்டல் மெஸ்ஸின் சோற்றைத் திட்டுவாள். அந்தச் சோற்றைத் திட்டும் பாக்கியம்கூட எனக்கு இல்லையே என்று இருக்கும். குழுவை மியூட்டில் போட்டேன். பிறகு திறப்பதையே விட்டுவிட்டேன்.

ஆலையில் அப்பாவுக்குப் பழக்கமான ஒருவரின் மைத்துனர், வெள்ளிமலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் உதவிக்குத் தேவை, சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்று அவர் மூலம் தெரியவந்தது. அம்மாவுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. டாக்டராகப் போகிறவள் ஆஸ்பத்திரியில் இருந்தால் நல்லதுதானே என்றாள். மூன்றாவது தடவைக்குப் படிக்க அமைதியான இடம் என்று நானும் சொல்லிக்கொண்டேன். புத்தகங்களை ஒரு பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை வளையத் தொடங்கியதும் போனில் சிக்னல் ஒவ்வொரு கோடாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஆஸ்பத்திரி என்றால் மூன்று அறை. ஓட்டு வீடு ஒன்றை வெள்ளையடித்து மாற்றியிருந்தார்கள். டாக்டரம்மா வாரத்தில் சில நாட்கள் கீழேயிருந்து வருவார். மற்ற நாட்களில் ஒரு நர்ஸ் மட்டும். அவரைச் சிஸ்டர் என்று கூப்பிடுவேன். எனக்குக் கொடுத்த வேலை டோக்கன் தருவது, எடை பார்ப்பது, பி.பி. மெஷினைக் கையில் சுற்றுவது, மாத்திரைக் கவரின்மேல் காலைக்குச் சூரியனும் ராத்திரிக்கு நிலாவும் வரைவது. வந்தவர்களில் பெரும்பாலோர் சாமை விதைக்கிறவர்கள், மரவள்ளி போடுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள். முழங்கால் வலி, சளி, சோகை, குழந்தைகளுக்குக் காய்ச்சல். டாக்டரம்மா வேகமாகப் பார்ப்பார். அவருக்கு நின்று பேச நேரம் கிடையாது. என்னிடம் அவர் பேசியதெல்லாம் "அடுத்தவங்கள அனுப்புமா" என்பதுதான். எப்போதாவது, "படிக்கிறியா?" என்பார். "படிக்கிறேன் மேடம்" என்பேன்.

நான் படிக்கவில்லை. மதியத்துக்குமேல் கூட்டம் வடிந்துவிடும். கடைசிப் பஸ்ஸில் சிஸ்டர் கரியாலூருக்குப் போய்விடுவார். சமையல் செய்கிற அக்கா எனக்குச் சோற்றை மூடி வைத்துவிட்டு மாடு பிடித்துக் கட்டப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த வளாகத்தில் நானும், நாய் ஒன்றும், பனியும்தான். பின்பக்க அறையில் உயிரியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அம்மாவோடு பேசுவேன். சாப்பிட்டாயா, படித்தாயா, குளிர்கிறதா என்று மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் ஆமாம் என்பேன். அதோடு அன்றைக்குப் பேச்சு முடிந்துவிடும். மறுநாள் காலையில் வரிசையின் முதல் ஆளிடம் பேர் கேட்க வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் கேட்பேன்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த ஜீப் டிரைவரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார்.

வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். வலது கை தொங்கியது, வலது காலை இழுத்து வைத்து நடந்தார். தலை வாரி, மீசை ஒதுக்கி, துவைத்த காக்கிச் சட்டை போட்டிருந்தார். அவ்வளவையும் அந்த அம்மாதான் செய்திருக்க வேண்டும். பல வருடம் மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவராம். சில மாதங்களுக்குமுன் வண்டி ஓட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கை மரத்துப்போய் விழுந்துவிட்டார். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை.

நான் பேர் கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "ஏறு" என்றார்.

நான் எடை பார்க்கும் மெஷினைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க, ஏறுங்க" என்றேன். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருடைய மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "எது கேட்டாலும் அது ஒண்ணுதான் பாப்பா வரும். பசிக்குதான்னா ஏறு. தூக்கம் வருதான்னா ஏறு" என்றார். ஜீப்பில் ஆட்களை ஏற்றும்போது வாழ்நாளெல்லாம் கூவிய வார்த்தை. மற்ற வார்த்தைகள் எல்லாம் போய் அது ஒன்று மட்டும் தங்கிவிட்டது. சிரித்தவர்களை அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தபிறகு, இவருக்கு எல்லாம் புரிகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

டாக்டரம்மா அன்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணை மூடச் சொன்னார், இடது கையைத் தூக்கச் சொன்னார். எல்லாம் செய்தார். அந்த அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"புத்தி கலங்கிப் போச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நெசமாங்க?"

"புத்தி நல்லா இருக்கு. அவர் நெனக்கிறது வாய்க்கு வர மாட்டேங்குது, அவ்ளோதான்" என்றார் டாக்டரம்மா.

"மாத்திரைல வந்துருங்களா?"

மாத்திரையின் வேலை பக்கவாதம் இன்னொரு தடவை வராமல் பார்ப்பது, பேச்சைத் திரும்பக் கொண்டுவர அதற்கென்று படித்தவர்கள் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா விளக்கினார். அப்படி ஒருவர் இந்த மலையில் இல்லை, அடிவாரத்திலும் இல்லை, சேலத்துக்கோ பாண்டிச்சேரிக்கோ அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்றார். அந்த அம்மா சரிங்க என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டார். அவர் போகப்போவதில்லை என்பது அவருக்கும் டாக்டரம்மாவுக்கும் எனக்கும் தெரிந்தது. டாக்டரம்மா, "அடுத்தவங்கள அனுப்புமா" என்றார்.

மருந்து வாங்கும் இடத்தில் கூட்டமாக இருந்ததால் அவரை என் மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அந்த அம்மா வரிசையில் போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, "ஏறு, ஏறு" என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். பாத்ரூமா என்றேன். இல்லை. மனைவியைக் கூப்பிடவா என்றேன். இல்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. இடது கையால் தொடையில் அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வரிசையில் ஒருவர், "வுடு பாப்பா, அது அப்டித்தான் கத்திகினு இருக்கும்" என்றார். ஒரு மனிதரை அது என்று சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான் அவர் முன்னால் முழங்காலிட்டு, அவர் கண் போகிற திசையைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே பார்த்தார். எழுந்து வெளியே போனேன். சரிவில் ஒரு ஜீப் நின்றிருந்தது. ஓட்டி வந்தவன் டீக்கடையில் இருந்தான். சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. ஜீப்புக்குக் கீழே, சரிவின் அடியில், பெண்கள் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஓடிப்போய் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். அவன் சலித்துக்கொண்டே வந்து இரண்டு கல்லை உருட்டி வைத்தான். நான் திரும்பி வந்து, "கல்லு வெச்சாச்சுங்க" என்றேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டுப் பெஞ்சில் சாய்ந்தார். பிறகு தன் இடது கையால் என் கையை ஒருமுறை தட்டினார். அன்றைக்கு ராத்திரி வெகு நேரம் என் கை அந்தத் தட்டலை நினைத்துக்கொண்டிருந்தது. அந்த மலைக்கு வந்த பிறகு யாரும் என்னைத் தொட்டதில்லை.

அடுத்த முறை டாக்டரம்மா வந்தபோது, அவரோடு படித்த யாராவது பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் இருந்தால் போனில் கேட்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். நானாக அவரிடம் எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் யார் யாரையோ விசாரித்துச் சென்னையில் இருந்த ஒரு பெண்ணின் எண்ணைக் கொடுத்தார். தொட்டிப் பக்கத்துக் கல்லின்மேல் நின்றுகொண்டு அந்தப் பெண்ணோடு பேசினேன். காற்றில் பாதி கேட்காது. அவர் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார். போனில் சொல்லித் தருகிற காரியம் இல்லை இது, ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல் என்றார். எண்ணிக்கை, கிழமைகள், பாட்டு என்று வாய்க்குப் பழகியதிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். வேகமாகப் பேசாதே, அவருக்காக நீ வார்த்தையை முடித்துக் கொடுக்காதே, காத்திரு என்றார்.

அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, முடிகிறபோதெல்லாம் கூட்டி வரச் சொன்னேன். மதியம் கூட்டம் வடிந்தபிறகு வருவார்கள். நான் "ஒண்ணு" என்பேன். அவர் என் வாயைப் பார்ப்பார். "ரெண்டு" என்பேன். அவர் உதடு குவியும். முதல் சில நாட்கள் "ஏறு" தவிர எதுவும் வரவில்லை. ஒரு நாள் நான் மூன்று வரை சொல்லி நிறுத்தியபோது "நாலு" என்றார். சொன்னது யார் என்பதுபோல அவரே திகைத்துப்போனார். அங்கிருந்து பத்துவரை ஓடினார், பிரேக் பிடிக்காத வண்டி மாதிரி.

இன்னொரு நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கீழே கள்ளக்குறிச்சியில் ஜீப்காரர்கள் கூவுவதைப்போலக் குரலை இழுத்து, "கச்சிராயபாளையம்..." என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோமுகி டேம், பரிகம், கரியாலூர், வெள்ளிமலை, வெள்ளிமலை" என்று முழுசாகக் கூவி முடித்தார். கணீரென்ற குரல். மருந்து அறையிலிருந்து அவர் மனைவி ஓடி வந்து கதவில் நின்றார். வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். நானும் அன்று பேச்சே வந்துவிட்டது என்று நம்பினேன். ஆனால் உடனே, "இது எந்த ஊருங்க?" என்று தரையைக் காட்டிக் கேட்டபோது, வெள்ளிமலையில் உட்கார்ந்துகொண்டு அவரால் வெள்ளிமலை என்று சொல்ல முடியவில்லை. முகம் வெளிறிவிட்டது. வாய்ப்பாடுபோல ஒப்பிப்பது வேறு, நினைத்ததைச் சொல்வது வேறு, இரண்டும் மூளையில் ஒரே வழியில் வருவதில்லை என்று சென்னைப் பெண் போனில் சொன்னார். சோர்ந்துவிடாதே என்றும் சொன்னார்.

நான் சோர்ந்துதான் போனேன். ஆனாலும் அவர்கள் வருகிற நாளை எதிர்பார்த்து எழுந்திருக்க ஆரம்பித்திருந்தேன். மழை பெய்தால் வர மாட்டார்களே என்று வானத்தைப் பார்ப்பேன். அவர்கள் வராத மதியங்களில் அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். பேச ஆளில்லாத நானும், ஆள் இருந்தும் பேச முடியாத அவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒண்ணு ரெண்டு சொல்வதை யாராவது ஜன்னல் வழியே பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கோ அன்றைய நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் நாளாக இருந்தது. மூன்றாவது தடவைக்கான விண்ணப்பம் போட வேண்டிய நாளும் அந்த மழைக்காலத்துக்குப் பிறகு வந்தது. அப்பா போனில் ஞாபகப்படுத்தினார். போடுகிறேன் என்றேன்.

பிறகு ஒரு காலையில் அந்த அம்மா மட்டும் தனியாக வேகவேகமாக வந்தார். வரிசையைத் தாண்டி நேரே என் மேசைக்கு வந்து நின்றார். என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன்.

"பாப்பா, நேத்து ராவு சோறு போட்டனா, இன்னும் ஒரு கரண்டி வெக்கப் போனேன். கைய நீட்டித் தடுத்து, வேணாம்னுட்டாரு."

"வேணாம்னா சொன்னாரு?"

"வேணாம்னாரு பாப்பா. தெளிவா. நான் வேணும்னே இன்னொரு கரண்டி எடுத்தேன். வேணாங்கிறேன்ல அப்டீங்கிற மாதிரி மொறைச்சிக்கினு மறுக்கா சொன்னாரு. எங்கூட சண்டைக்கு வந்து எவ்ளோ மாசமாச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சண்டை போட ஆள் திரும்பக் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம். அன்று முழுக்க நான் மாத்திரைக் கவர்களில் வரைந்த சூரியன்கள் எல்லாம் கொஞ்சம் பெரிதாக இருந்தன என்று சிஸ்டர் சொன்னார்.

வேணாமுக்குப் பிறகு தண்ணி வந்தது. பிறகு போதும். பிறகு ஒரு கெட்ட வார்த்தை வந்தது, சென்னைப் பெண்ணிடம் சொன்னபோது அதுவும் நல்ல அடையாளம்தான் என்று சிரித்தார். மனைவியை "இந்தா" என்று கூப்பிட ஆரம்பித்தார். எல்லாம் எப்போதும் வராது. வந்த வார்த்தை மறுநாள் காணாமல் போகும். அவசரத்தில் பழைய ஏறு முந்திக்கொண்டு வந்துவிடும். ஆனாலும் ஊரில் அவரைப் பார்த்து யாரும் அது என்று சொல்வதில்லை என்று அந்த அம்மா ஒரு நாள் சொன்னார்.

அறுவடை முடிந்து மலையில் கூலி வேலை குறைந்த மாதத்தில் அவர்கள் வருவது நின்றது. ஒரு வாரம் காத்திருந்தேன். சிஸ்டரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அந்த அம்மா வந்து, மாத்திரை ஜாஸ்தியாக வேண்டும் என்று கேட்டார். மகன் குடகில் காப்பித் தோட்டத்தில் வேலைக்கு இருந்தான். இவரையும் அங்கேயே கூட்டிப் போகிறார்களாம். இங்கே இருந்தால் இவரைப் பார்க்க வேண்டும், வேலைக்கும் போக வேண்டும், இரண்டும் ஆகவில்லை, அங்கே மகனும் மருமகளும் இருக்கிறார்கள் என்றார்.   சென்னைப் பெண் சொன்ன பயிற்சிகளை எல்லாம் அவரிடம் திரும்பச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வெளியே வேன் ஹாரன் அடித்தது.

"அவரு வண்டில இருக்காரு. உன்னப் பாக்கணுமாம். கீழ வர்றியா?" என்றார்.

போனேன். வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். மூட்டைகள், பாத்திரங்கள், மடியில் ஒரு குழந்தை, வேன் நிறைய ஆட்கள். என்னைப் பார்த்ததும் இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. "ஏறு" என்றார். தலையை ஆட்டி, அது இல்லை என்று தானே மறுத்தார். மறுபடி முயன்றார். "த... த..." என்றார். தண்ணியா என்று கேட்க வந்தவள், வார்த்தையை முடித்துக் கொடுக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். காத்திருந்தேன். அவர் கண்ணை மூடித் தேடினார். நெற்றி நரம்பு புடைத்தது. டிரைவர் ஹாரனை அடித்தான். உள்ளேயிருந்து யாரோ, நேரமாகிறது, கீழே போய்ப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். வேன் நகர்ந்தது. அவர் வாய் இன்னும் அந்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தது. வளைவு வரைக்கும் அவர் கை வெளியே தெரிந்தது.

அவர் சொல்ல வந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. தம்பி என்று யாரையோ கூப்பிட்டாரா, தண்ணிதானா, எனக்கென்று ஏதாவதா? அன்றைக்கு மாலை தொட்டிப் பக்கம் போகவில்லை. அறையிலும் உட்கார முடியவில்லை. அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எதைச் செய்திருந்தால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது, அது எனக்குத் தெரியவில்லை. அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நுழைவுத் தேர்வில் தோற்றபோது வந்த வருத்தத்தில் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் பெரும்பகுதி. இந்த வருத்தத்தில் ஊர் எங்கேயும் இல்லை. நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம்.

அந்தப் படிப்பில் சேரப்போவதை டாக்டரம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "நல்லா யோசிச்சியா? டாக்டர்னு யாரும் கூப்பிட மாட்டாங்க. இந்தப் பக்கம் வேலையும் கம்மி" என்றார். யோசித்தேன் என்றேன். அவர் வாதாடவில்லை. வெளியே கூட்டம் நின்றிருந்தது.

வீட்டில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அப்பா வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை எழுதப்போவதில்லை, பேச்சுப் பயிற்சிக்கு ஒரு படிப்பு இருக்கிறது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே சேரலாம், அதைப் படிக்கப்போகிறேன் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

"பேசறதுக்குமா படிப்பு?" என்றார் அப்பா.

அந்த டிரைவரைப் பற்றிச் சொன்னேன். ஏறு என்ற வார்த்தை, கல் வைக்காத ஜீப், வேணாம் என்று அவர் மனைவியை முறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் அவ்வளவு நீளமாக நான் பேசி இரண்டு வருடம் ஆகியிருக்கும். அம்மா நடுவில் அழ ஆரம்பித்துவிட்டாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் டாக்டருன்னு சொல்லி வெச்சிருக்கமே" என்றாள். அப்பா துண்டால் காலைத் துடைத்து முடித்தார்.

"அந்த ஆளுக்கு இப்ப பேச்சு வந்துடுச்சா?" என்று கேட்டார். கொஞ்சம்தான் வந்தது, குடகுக்குப் போய்விட்டார் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் ஆலை வரிசையில் என்ன சொன்னாரோ தெரியாது. சேர்க்கைக்குச் சென்னைக்கு என்னோடு வந்தார். திரும்பிப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக, "குரலப் பாத்துக்கோ, ரொம்ப கம்மியா பேசற நீ" என்றார்.

சென்னையில் நான்கு வருடமும் தனியாகத்தான் இருந்தேன் என்றே சொல்ல வேண்டும். ஹாஸ்டல் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். வகுப்பில் பெரும்பாலோருக்கு இது கிடைக்காத இன்னொன்றுக்குப் பதிலாக எடுத்த படிப்பு. யாரிடமும் நான் மலையைப் பற்றிப் பேசவில்லை. மூளையின் இடது பக்கத்தில் எந்த இடம் அடிபட்டால் என்ன ஆகும் என்று பாடம் நடந்த அன்று, எனக்குப் படம் தெரியவில்லை, அந்த வேன் ஜன்னல்தான் தெரிந்தது. நான் செய்ததில் எது சரி, எது தவறு என்று அப்போதுதான் புரிந்தது. சில விஷயங்களைச் சரியாகவே செய்திருந்தேன். செய்யாமல் விட்டது நிறைய.

மூன்றாவது வருடத்தில் சிஸ்டர் போன் செய்தார். அந்த டிரைவர் தோட்டத்திலேயே இன்னொரு தடவை விழுந்து, இந்தத் தடவை எழுந்திருக்கவில்லையாம். ஊர்ப்பக்கம் காரியத்துக்கு வந்த அவர் மனைவியைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார். "கடைசி வருசம் நல்லா பேசினாராம்மா. குழம்புல உப்பு கம்மின்னு மருமவள தினமும் திட்டுவாராம். உன்ன விசாரிச்சாங்க" என்றார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளுக்கு நடுவில் நின்றேன். உப்பு கம்மி. இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதன் அருமை தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

இப்போது கள்ளக்குறிச்சியில் வேலை செய்கிறேன். மாடியில் ஒரு சின்ன அறை, கீழே செருப்புக் கடை. காது கேட்காத குழந்தைகளும் பேச்சு தாமதமான குழந்தைகளும்தான் அதிகம் வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் சில வாரம் வருவார்கள். பிறகு கரும்பு வெட்டு, நடவு, கோர்ட்டு வேலை என்று ஏதாவது வந்து நின்றுவிடும். நிற்கிறவர்கள் சொல்லிவிட்டு நிற்பதில்லை. பெரும்பாலான மதியங்களில் நான் காத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் இப்போது வேறு டாக்டர். டோக்கன் கொடுக்க வேறொரு பெண் இருக்கிறாள், அவளோடு நான் அதிகம் பேசியதில்லை.

அம்மா உறவுக்காரர்களிடம் நான் பேச்சு டாக்டர் என்று சொல்கிறாள். டாக்டர் இல்லை என்று முதலில் திருத்திக்கொண்டிருந்தேன், இப்போது விட்டுவிட்டேன். போன மாதம் ஓர் ஓய்வுபெற்ற வாத்தியாரை அவர் மகள் கூட்டி வந்தாள். மூன்று வாரமாக வருகிறார். என்னிடம் ஒரு வார்த்தைகூட இன்னும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், என் வாயைப் பார்ப்பார். கீழே ஷேர் ஆட்டோக்கள் கத்துகின்றன. மகள் பொறுமையிழந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். நான் ஒரு டம்ளர் தண்ணீரை அவருக்கும் எனக்கும் நடுவில் வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.